மூன்றாவது மாடியில் நிற்கும் லிஃப்ட்

அத்தியாயம் 17

கம்பியைக் கழற்றிவிட்ட பொத்தானை யார் அமுக்கியிருக்க முடியும்?

மொட்டைமாடியில், லிஃப்டின் மெஷின் ரூமுக்குள், கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து பெரியவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். எதிரே கண்ட்ரோல் பெட்டியின் சின்னத் திரையில் எண்கள் இறங்கின. ஆறு. ஐந்து. நான்கு. மூன்று.

மூன்றில் நின்றுவிட்டது.

மணி காலை ஆறு பத்து. கதவு திறந்திருப்பதைச் சொல்லும் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அரை நிமிடம் ஆனதும், 'எவ்வளவு நேரம்தான் திறந்து வைப்பது' என்று கேட்பதுபோல் லிஃப்ட் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பிறகு கதவு மூடியது. கத்தல் அடங்கியது. ஒன்றுமே நடக்காததுபோல் லிஃப்ட் கீழே இறங்கிப் போயிற்று.

ஐந்து வாரமாக இதே கூத்து. அதுவும் அவள் குடியிருக்கும் கட்டிடத்திலேயே. பன்னிரண்டு வருடமாக ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்க்கிறவளுக்கு இதைவிட மானக்கேடு வேறு வேண்டாம்.

லிஃப்ட் பார்க்கத்தான் பெரிய உருவம். புத்தி குழந்தைப் புத்தி. கூப்பிட்ட மாடியில்தான் நிற்கும். கூப்பிட இரண்டே வழி. மாடியில் நிற்பவர் வெளியிலிருக்கும் பொத்தானை அமுக்கலாம். அல்லது உள்ளே ஏறியவர் தான் போகவேண்டிய எண்ணை அமுக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. வெளிப் பொத்தானை அவள் இரண்டு முறை மாற்றிவிட்டாள். உள்ளே இருக்கும் மூன்றாம் எண்ணையும் மாற்றியாயிற்று. நேற்று சாயங்காலம், வீட்டில்கூட மூச்சு விடாமல், வெளிப் பொத்தானின் கம்பியையே கழற்றி முனைகளுக்கு டேப் சுற்றிவிட்டு வந்தாள். இனி அதை அமுக்குவதும் சுவரை அமுக்குவதும் ஒன்றுதான்.

சரி, உள்ளே ஏறியவர்? அந்த நேரத்தில் உள்ளே இருப்பது ஒரே ஆள். ஆறாவது மாடியிலிருந்து காலை நடைக்கு இறங்கும் அம்மா.

"நான் கீழ்த்தளத்தைத் தவிர ஒண்ணையும் தொடலைடி," என்று அம்மா முதல் வாரமே சொல்லிவிட்டாள். "அதுவா நிக்குது. அதுவா தொறக்குது. வெளியில ஒரு ஈ காக்கா இல்ல. நான் பாட்டுக்கு வராந்தாவைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

ஆக, பழுதுக்கு ஒரே சாட்சி அம்மா. லிஃப்டைக் கேட்டால், பிழைப் பட்டியலில் அது தினமும் ஒரே வரியைத்தான் காட்டியது: பிழை ஏதுமில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. "நாளைக்கு நான் மூணாவது மாடியிலயே நின்னு பாக்கப்போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு நாள் போய் நின்றாள். அந்த இரண்டு நாளும் லிஃப்ட் சமர்த்தாக நிற்காமல் போய்விட்டது. மெக்கானிக்கைக் கண்டால் பழுது ஒளிந்துகொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வயிற்றெரிச்சல்தான்.

இன்றைக்கென்று பார்த்து இந்தத் தலைவலி. இன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் கண்ணாடிக்காரன் ஊரைவிட்டுப் போகிறான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவனும் பெரியவளும் ஆறு வருடத்தில் இரண்டு முறை பிரிந்து மூன்று முறை சேர்ந்தவர்கள். நடுவில் அவனுக்கு வேறொரு பெண்ணோடு நிச்சயம்வரை போனதையும், அந்தப் பெண் ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொள்ள, இவளே போய்க் கதவைத் திறந்துவிட்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது அவனுக்கு எட்டு மணி நேரத் தொலைவில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை. "நீயும் வர்றியா?" என்று போன வாரம் கேட்டான். "தங்கச்சியும் நாளைக்கே கல்யாணமாகிப் போயிடுவா, அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படி?" என்றாள் இவள். "சனிக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்று சொல்லிப் போய்விட்டான்.

இன்று சனிக்கிழமை.

*

பெரியவள் வீட்டுக்கு இறங்கி வந்தபோது தங்கை சின்னவள் கணினிமுன் உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவது அவள் பிழைப்பு. சொந்தக் கணக்கில் இரண்டு நிச்சயத்தை முறித்தவள். மூன்றாவதாக ஒரு சமையல்காரர் கொடுத்த மோதிரம் அவள் மேசை இழுப்பறையில் நாலு மாதமாகக் கிடக்கிறது. போட்டுக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அம்மா நடை முடிந்து திரும்பியிருந்தாள். சமையலறையில் சென்ட் வாசனை.

"ஊர்ல எல்லாரும் நடக்கப்போறதுக்குச் செருப்பு வாங்குவாங்க," என்றாள் சின்னவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். "எங்கம்மா சென்ட் வாங்கியிருக்கா."

"வியர்வை நாத்தம் உனக்குத் தேவலையா?" என்றாள் அம்மா.

பெரியவள் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனாள். கதவில் காந்தத்தின் கீழ் ஒரு மருந்துச் சீட்டு. கோழி கிளறிய குப்பைபோல் மூன்று வரி.

"இது என்ன மருந்தும்மா?"

"வாய் கொப்பளிக்க. மூணாவது மாடி பல் டாக்டர் எழுதிக் குடுத்தாரு."

"உன் பல்லுக்கு என்ன?"

"முப்பத்திரண்டு இருந்துச்சு. இப்பக் கொஞ்சம் கம்மி."

அந்தக் கையெழுத்தைப் படிக்க ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்ற அம்மா. டாக்டர் தொழிலில் இருந்த காலத்தில் மற்றக் கடைக்காரர்கள் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா கடைக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இப்போது அவரும் ஓய்வு, அம்மாவும் ஓய்வு. அவர் மனைவி போய் ஏழு வருடம். அப்பா போய்ப் பதினொன்று.

"காலையில நின்னுச்சா?" என்று கேட்டாள் பெரியவள்.

"நின்னுச்சே."

"நீ ஒண்ணும் தொடலையே?"

"அஞ்சு வாரமா இதையேதான் கேக்குற. போலீஸ்காரி தோத்தா." அம்மா ஒரு டம்ளரைக் கழுவினாள். "அவன் இன்னிக்குத்தானே கெளம்புறான்?"

"ம்."

"என்ன சொன்ன?"

"சொல்ல என்ன இருக்கு? உன்னை விட்டுட்டு எங்க போறது?"

அம்மா கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். "எனக்காகவாடி நிக்கிற?"

"யாராவது நிக்கணும் இல்ல?"

சின்னவள் வீடியோவை நிறுத்திவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

*

கழற்றிய கம்பியை மறுபடி மாட்டப் பெரியவள் மூன்றாவது மாடிக்குப் போனாள். கோடி வீட்டிலிருந்து கட்டிடச் சங்கச் செயலாளர் கைலியை இறுக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, ஊர் லிஃப்டெல்லாம் உன் கையில உயிர் பெறுது. நம்ம லிஃப்ட் மட்டும் அலாரம் கடிகாரமா ஆயிடுச்சு. பத்து நாளா விடிஞ்சதும் விடியாததுமா கத்தல்."

"வெளிய வந்து பாத்தீங்களா சார்?"

"நான் எழுந்து கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள போயிடுது. இதப் பாரு, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். என்ன பழுது? எப்படிச் சரியாகும்? இல்லேன்னா கம்பெனிக்கு எழுதிடுவேன்."

அவர் போனதும், லிஃப்டுக்கு நேர் எதிரே இருந்த கதவு திறந்தது. பல் டாக்டர். சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை. வீட்டிலேயே இருக்கும் மனிதருக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

"உங்களுக்கும் தொந்தரவா டாக்டர்?"

"எனக்கா? இல்லையேம்மா. காலையில காத்து வரட்டும்னு ஆறு மணிக்கே கதவை ஒருக்களிச்சு வெச்சிருப்பேன். லிஃப்ட் வர்றது கேக்கும். அவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கினார். "நீ சரி பண்ணிட்டா அப்புறம் இங்க நிக்காதோ?"

"நிக்காது."

"ஓ," என்றார் டாக்டர். பிறகு, "அவசரமில்லம்மா. மெதுவாவே பாரு," என்று உள்ளே போனார்.

*

கண்ணாடிக் கடையில் பாதி அலமாரி காலி. கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்காரன் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சொல்லு," என்றான்.

"அந்த லிஃப்ட் இன்னும் சரியாகல. அதை அப்படியே விட்டுட்டு..."

"போன தடவை அம்மாவுக்கு மூட்டு வலி. இந்தத் தடவை லிஃப்டுக்கு மூட்டு வலியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை.

"இங்க வர்றவங்களுக்கு நான் ரெண்டு வில்லையை மாத்தி மாத்திப் போட்டுக் கேப்பேன். இது தெளிவா இருக்கா, இதுவா? ஒருத்தர் விடாம ஏதாவது ஒண்ணைச் சொல்லிடுவாங்க. ஆறு வருஷமா உன்னையும் கேக்குறேன். நீ மட்டும்தான் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குங்கற."

"நான் பொய் சொல்லல. அம்மா தனியா..."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"எதை?"

"நான் போகட்டுமா, நீ இருந்துப்பியான்னு. வாயைத் தொறந்து கேட்டியா?"

அவள் கேட்டதில்லை. அம்மா தனியாக இருக்கமுடியாது என்பது, கதவு மூடாமல் லிஃப்ட் நகராது என்பதுபோல, சோதித்துப் பார்க்கத் தேவையில்லாத உண்மையாக அவளுக்குள் இருந்தது.

"அஞ்சு மணி பஸ்," என்றான் அவன். "நாலரை வரைக்கும் பஸ் நிலையத்துல வெளியிலயே நிப்பேன். அப்புறம் ஏறி உக்காந்துடுவேன். போன் பண்ணாத. போன்ல நீ எப்பவும் 'அப்புறம் பேசறேன்'னு வெச்சுடுவ. அணைச்சுடப்போறேன்."

*

வீடு திரும்பியபோது மணி ஒன்று. அம்மா கடைவீதிக்குப் போயிருந்தாள். சின்னவள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். மணமகள் எதையோ பார்க்கிறாள். சிரிப்பு சட்டென்று நின்றுவிடுகிறது.

"யாரைப் பாக்குறா?" என்றாள் பெரியவள்.

"நானும் காலையிலருந்து படத்துக்குள்ள தேடிட்டேன்கா. அவ பாக்குற பக்கம் யாருமே இல்ல. அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. அவ கேமராவைப் பாக்குறா. படம் எடுத்தவன்தான் அவளோட பழைய ஆளு."

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஐந்து வாரமாக அவளும் கதவுக்கு வெளியேதான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றவளிடம், 'வெளியில யாரு?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொத்தானைச் சோதித்தாள், கம்பியைச் சோதித்தாள், கதவைச் சோதித்தாள். அம்மா சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் சோதிக்கவில்லை. வேறு யார் வீட்டு அம்மா சொல்லியிருந்தாலும் முதல் நாளே சோதித்திருப்பாள்.

ஒவ்வொரு லிஃப்டும் பிழைகளைத் தவிர இன்னொரு பதிவையும் வைத்துக்கொள்ளும். எந்த நேரத்தில் எங்கிருந்து அழைப்பு வந்தது, கதவு எத்தனை நொடி திறந்திருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த மாடியில் நெரிசல் என்று கணக்கெடுப்பதற்காக வைத்தது; பழுது பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அதைப் படிக்கும் கருவி அலுவலக அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. பெரியவள் போய் அதை எடுத்துவந்து, மூன்று மணிக்கு மெஷின் ரூமில் அதே வாளியின்மேல் உட்கார்ந்து, கண்ட்ரோல் பெட்டியில் செருகினாள்.

இன்று, ஆறு பத்து. மூன்றாவது மாடி. வெளி அழைப்பு: இல்லை. உள் அழைப்பு: உண்டு.

நேற்று, உள் அழைப்பு. அதற்கு முன்தினமும். அவள் சொல்லிவிட்டுப் போய் நின்ற அந்த இரண்டு நாள் மட்டும் அழைப்பே இல்லை.

உள்ளே பொத்தான் தானாக ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். பக்கத்து வரிசையில் இருந்த எண்கள் அந்த நினைப்பையும் பறித்துக்கொண்டன. கதவு தானாக மூட நான்கு நொடி. அதற்கு மேல் திறந்து நிற்க வேண்டுமானால், உள்ளே இருப்பவர் இன்னொரு பொத்தானை அமுக்கி, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் வாரம் நான்கு நொடி. இரண்டாம் வாரம் ஒன்பது, பதினொன்று. அப்புறம் இருபது. பத்து நாளைக்கு முன் முப்பத்தைந்து. கத்தல் தொடங்கியது அன்றுதான். இன்று எழுபத்திரண்டு.

எழுபத்திரண்டு நொடி ஒரு விரல் பொத்தான்மேல் இருந்திருக்கிறது. எதிரே ஒரு கதவு ஒருக்களித்திருந்திருக்கிறது.

பெரியவளுக்குக் கண் மங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு கருவியைப் பிடுங்கினாள்.

*

மூன்றே முக்காலுக்கு அம்மா காய்கறிப் பையோடு கீழ்த்தளத்தில் லிஃப்டுக்காக நின்றாள். கதவு திறந்தது. உள்ளே மகள்.

"ஏறும்மா."

ஏறினாள். மகள் ஆறை அமுக்கினாள். பிறகு மூன்றை அமுக்கினாள். அம்மா அந்த விரலையே பார்த்தாள்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. வராந்தா. எதிரே டாக்டரின் கதவு, சாத்தியிருந்தது. மகள் இன்னொரு விரலால் கதவைத் திறந்து வைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இது எழுதி வெச்சுக்கும்மா," என்றாள் மெதுவாக. "எல்லாத்தையும். நொடிக் கணக்குல."

அம்மா காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "கதவு மூடினா மறந்துடும்னு நெனச்சேன்," என்றாள்.

"அந்தச் சீட்டு வாய் கொப்பளிக்கிற மருந்தா?"

அம்மா டாக்டரின் கதவைப் பார்த்தபடி சொன்னாள். "'தட்ட வேண்டாம். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வர முடிகிற அன்றைக்கு வாருங்கள்.' அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"அதை ஃப்ரிட்ஜ் மேலயா ஒட்டி வெப்ப?"

"யாருக்குப் படிக்கத் தெரியும்?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அம்மாவுக்கு அழுகையாயிற்று. மகள் கேட்டாள்: "ஏம்மா இறங்கல?"

"கேட்டாரு. இருக்கற காலத்துக்குச் சேர்ந்து இருப்போமான்னு. பெரியவளுக்கு ஒரு வழி பொறக்கட்டும்னு சொன்னேன். இன்னிக்குக் காலையில பாத்தா, என்னை விட்டுட்டு எங்க போறதுங்கற." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ எனக்காக ஒரு வாசல்ல நிக்கிறப்ப, நான் போய் இன்னொரு வாசல்ல நிக்க எனக்குக் கால் வரலடி."

"நீ தனியா இருக்கமாட்டேன்னு நான் நெனச்சேன்."

"நீ கேக்கவே இல்லையே."

"நீயும் சொல்லவே இல்லையே."

பழைய லிஃப்டுகளில் எப்போதாவது இப்படி ஆகும். கதவு மூடினால்தான் வண்டி நகரும். வண்டி சரியான இடத்துக்கு வந்தால்தான் கதவு முழுதாக வேலை செய்யும். நடுவில் எங்காவது நின்றுவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். மோட்டாரில் குறையிருக்காது, கதவிலும் குறையிருக்காது. ஏதாவது ஒன்றை முதலில் அசைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

லிஃப்ட் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"இப்ப இறங்கும்மா."

"மாட்டேன்." அம்மாவின் முகத்தில் அழுகை போய்ப் பழைய மருந்துக்கடைப் பிடிவாதம் வந்திருந்தது. சீட்டில்லாமல் மாத்திரை கேட்பவர்களிடம் காட்டுகிற முகம். "நீ வீட்ல இருக்கற வரைக்கும் நான் இந்த மாடியில இறங்கமாட்டேன். என்ன வேணா நெனச்சுக்கோ."

மகளின் விரலைப் பிடித்து அம்மாவே பொத்தானிலிருந்து எடுத்தாள். கதவு மூடியது.

*

மணி நான்கைத் தாண்டிவிட்டது. பெரியவள் அலமாரியைத் திறந்து கையில் அகப்பட்ட துணிகளை ஒரு பையில் திணித்தபடியே, அம்மா கதவைப் பிடித்துக்கொண்டிருந்த நொடிக் கணக்கைச் சின்னவளிடம் இரண்டு வார்த்தையில் சொன்னாள். கண்ணாடிக்காரனுக்கு ஒரு முறை போன் போட்டாள். அணைத்திருந்தது. சொன்னபடியே செய்திருக்கிறான். பஸ் நிலையத்துக்கு எப்படிப் போனாலும் இருபது நிமிடம். அவன் வெளியில் நிற்பது நாலரை வரைக்கும்.

அம்மா வாசலில் அவள் செருப்பைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். மகள் குனிந்தபோது அவள் தலையில் ஒரு கை வைத்து எடுத்தாள்.

சின்னவள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நிஜமாவே எழுபத்திரண்டு நொடியாக்கா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். மேசை இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்கவில்லை.

பெரியவள் எப்போதும் படியில்தான் இறங்குவாள். இன்று லிஃப்டில் ஏறினாள். கதவு மூடப்போகும் சமயம் சின்னவள் மூச்சிரைக்க ஓடிவந்து கையை நீட்டித் தடுத்தாள். அந்தக் கையில் மோதிரம் இருந்ததா இல்லையா என்று பார்க்கப் பெரியவளுக்கு நேரமில்லை.

"அக்கா! செயலாளர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது? என்ன பழுது, எப்படிச் சரியாகும்?"

"லிஃப்ட்ல பழுதே இல்ல," என்றாள் பெரியவள். "காலையில கீழ போறப்ப அம்மாதான் உள்ளேருந்து மூணை அமுக்குறா. நான் வீட்ல இருக்கறதால இறங்கமாட்டேங்கறா. இறங்காததால கதவு தொறந்தே நிக்குது, கத்துது. நான் கெளம்பிட்டா அம்மா இறங்கிடுவா. இறங்கிட்டா கத்தாது."